நண்பர்களுடன் ஓட்ட எந்த ரிமோட் கார்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஒரே குடியிருப்பு வளாகத்தில் வசிக்கும் நண்பர்கள் நாங்கள் நால்வர். வளாகத்தில் சிமென்ட் தரையுடன் முழு அளவுக் கூடைப்பந்து மைதானம் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அது காலியாகவே கிடக்கும். அங்கே ரிமோட் கார்களை வைத்துச் சிறிய அளவில் பந்தயம் நடத்த விரும்புகிறோம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடும், பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஓட்டக்கூடிய பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத, வேகமான மோட்டார் கொண்ட) கார்தான் வேண்டும் என்கிறார் ஒருவர். ஜப்பானின் தாமியா நிறுவனம் பாகங்களாக விற்கும் கிட்டை வாங்கி நாமே பூட்டிக்கொள்ளலாம் என்கிறார் இன்னொருவர். உள்ளங்கை அளவுள்ள சிறிய காரே போதும் என்பது மூன்றாமவரின் கட்சி. எங்களில் யாருக்கும் முன் அனுபவம் இல்லை. எதை வாங்குவது?
— கோயம்புத்தூர் வாசகர்

பதில்: காரைப் பற்றிப் பேசுவதற்கு முன் மைதானத்தை அளந்துகொள்வோம். முழு அளவுக் கூடைப்பந்து மைதானம் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்டது. மணிக்கு 60 கி.மீ. என்பது நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். அந்த வேகத்தில் போகும் கார் மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இரண்டே நொடிக்குள் போய்விடும். வேகமெடுக்கவும் பிரேக் பிடிக்கவும் வளைவுக்குத் திரும்பவும் வேண்டிய தூரத்தைக் கழித்துவிட்டால், அந்த வேகத்தை உங்கள் மைதானத்தில் அது ஒருபோதும் எட்டப்போவதில்லை. எட்ட முயலும் ஒவ்வொரு முறையும் கூடைக் கம்பத்தில் மோதி முன்பக்கத்தை உடைத்துக்கொள்வதுதான் நடக்கும். ஆகவே முதல் நண்பரின் யோசனையை இப்போதைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டாம் நண்பர் சொல்லும் கிட் எது என்று நீங்கள் எழுதவில்லை. அநேகமாக அது 2013இல் வெளிவந்த டிடி-02 ஆக இருக்கும். அசல் காரின் பத்தில் ஒரு பங்கு அளவு, நான்கு சக்கரங்களுக்கும் விசையைக் கடத்தும் ஷாஃப்ட், தொட்டி போன்ற ஒற்றை பிளாஸ்டிக் சேஸிஸ் (அடிச்சட்டம்), 540 வகைச் சாதாரண பிரஷ் மோட்டார் ஆகியவை அதன் அடிப்படை. இதன் வேகத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். மோட்டார் அச்சில் மாட்டும் சிறிய கியரான 22 பல் பினியனும், அது சுழற்றும் பெரிய கியரான 70 பல் ஸ்பர் கியரும் பெட்டியிலேயே வருகின்றன. உள் கியரின் 2.6 மடங்கையும் சேர்த்தால் மோட்டார் 8.27 சுற்று சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்று சுற்றும். மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 15,000 சுற்று ஓடுகிறது என்றும் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 20 செ.மீ. என்றும் கொண்டால், கிடைப்பது மணிக்கு 22 கி.மீ.க்குச் சற்றுக் குறைவான வேகம். காகிதத்தில் சோகையாகத் தெரியும் இந்த எண்ணுக்கு நொடிக்கு ஆறு மீட்டர் என்று பொருள். 28 மீட்டர் மைதானத்தில் அந்த வேகத்துக்கே ஒரு புதியவரின் விரல் திணறும். நேர்பாதையில் முழு வேகத்தைத் தொட்டு, பிறகு குறைத்து, வளைவை எடுத்து, மீண்டும் விசையைக் கூட்டுவதற்கு உங்கள் இடம் இந்த வேகத்துக்குத்தான் இசைகிறது.

இதைவிட முக்கியமானது, நால்வரும் ஒரே காரை வாங்குவது. நால்வர் நான்கு வகைக் கார் வாங்கினால் இரண்டாவது வாரத்திலேயே யார் கார் வேகமானது என்பது தெரிந்துவிடும். மூன்றாவது வாரம் தோற்றவர் புது மோட்டார் வாங்குவார், அதற்கடுத்த வாரம் மற்றவர்களும் வாங்குவார்கள், மழைக்காலம் வருவதற்குள் ஒருவர் வராமல் நின்றுவிடுவார். உங்கள் ஊருக்கு இது புதிய செய்தி அல்ல. மாருதி 800 காரின் எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற சிறிய ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்து, எல்லாரும் ஒரே வகைக் காரில் குறைந்த செலவில் போட்டியிட வழிசெய்தவர் கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன், செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. உங்கள் மைதானத்திலும் அதே ஏற்பாட்டைச் செய்துகொள்ளுங்கள். கிட்டுடன் வரும் மோட்டார், கிட்டுடன் வரும் கியர் விகிதம், ஒரே வகை டயர், ஒரே வகை பேட்டரி என்று முதலிலேயே எழுதிவைத்து, மேலே போர்த்தும் பாடியை மட்டும் அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடலாம். டிடி-02 பல கார்களின் பாடிகளோடு விற்கப்படுவதால் நால்வரின் காரும் நான்கு தோற்றத்தில் இருக்கும்.

டிடி-02ஐ நான் பரிந்துரைப்பதற்கு இன்னொரு காரணம் உதிரி பாகம். பந்தயக் கார் என்பது உடைவதற்காகவே ஓடுவது. எந்தக் காரை வாங்குவதாக இருந்தாலும், அதன் முன்பக்க சஸ்பென்ஷன் ஆர்மும் ஸ்டீரிங் பாகங்களும் இந்தியாவில் கையிருப்பில் இருக்கின்றனவா என்று விசாரித்துவிட்டு அதன் பிறகே காருக்குப் பணம் கட்டுங்கள். இரண்டாயிரம் ரூபாய் மலிவாகக் கிடைத்த ஒரு கார், நூறு ரூபாய்ப் பாகத்துக்காக இரண்டு மாதம் அலமாரியில் கிடந்தால் அது மலிவே அல்ல. தவிர, கிட்டைக் கையால் பூட்டியவருக்கு எந்தத் திருகைக் கழற்றினால் எந்தப் பாகம் கைக்கு வரும் என்பது தெரிந்திருக்கும். ரெடிமேடாக வாங்கியவர் முதல் முறை உடையும்போது அதை ஆரம்பத்திலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

மைதானத்தில் பாதிதான் உங்களுக்குக் கிடைக்கும் என்றால் மட்டும் என் பதில் மாறும். அப்போது தாமியாவின் எம் வரிசைச் சிறிய சேஸிஸைப் பாருங்கள். டிடி-02இன் முன்-பின் சக்கர இடைவெளி 257 மி.மீ.; எம் வரிசையில் அது பாடிக்கு ஏற்ப 210, 225, 239 மி.மீ. என்று மூன்று அளவுகளில் அமையும். எம்-05 முன்சக்கரங்களால் இழுக்கப்படுவது; மினி கூப்பர் பாடியோடு அதைப் பார்த்திருப்பீர்கள். புதியவர் கையில் அது சுழன்று திரும்பிவிடாது; விசையைக் கூட்டினால் வளைவில் அகலப் போகும், குறைத்தால் உள்ளே வரும், அவ்வளவுதான். ஓட்டுவதில் டிடி-02ஐவிட அதுதான் சுவையானது என்று சொல்பவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சிதான். ஆனாலும் நால்வருமே புதியவர்கள், முழு மைதானமும் இருக்கிறது, தரையிலோ புழுதி இருக்கும் என்ற நிலையில் நான்கு சக்கர விசைதான் உங்களை அதிகம் மன்னிக்கும்.

மூன்றாம் நண்பரின் சிறிய காரைப் பற்றி அடுத்தடுத்த கேள்விகளில் வருகிறது. வெளிச் சிமென்ட் தரைக்கு அது ஆகாது.

கேள்வி: டிடி-02 கிட்டின் விலையைப் பார்த்துப் பணம் சேர்த்துவிட்டேன். அந்தப் பெட்டியை வாங்கினால் வேறு எதுவும் வாங்க வேண்டாமா?
— சேலம் வாசகர்

பதில்: வேண்டும், அதனால்தான் பலர் பாதி பூட்டிய காரோடு நின்றுவிடுகிறார்கள். கிட்டில் சேஸிஸும் மோட்டாரும் பாடியும் இருக்கும். மோட்டாரின் விசையைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. சில பதிப்புகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. விற்பவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ரிமோட், அதன் சைகையைக் காருக்குள் வாங்கும் ரிசீவர், முன்சக்கரங்களைத் திருப்பும் சர்வோ, பேட்டரி, சார்ஜர், பாடிக்கான பெயின்ட் ஆகியவை தனி. பாடி பாலிகார்பனேட்டால் ஆனது. அதற்கென்றே விற்கப்படும் ஸ்பிரேயை உட்புறமாக அடிக்க வேண்டும். சாதாரண ஸ்பிரே அடித்தால் முதல் மோதலிலேயே செதில் செதிலாக உதிர்ந்துவிடும்.

ரிமோட்டில் அதிகம் செலவழிக்க வேண்டாம். 27 மெகாஹெர்ட்ஸ் காலத்தில் அலைவரிசையைத் தீர்மானிக்கும் கிரிஸ்டல் இரண்டு பேருக்கு ஒன்றாகிவிட்டால் ஒருவர் ரிமோட்டுக்கு இன்னொருவர் கார் ஓடும், இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகள் தமக்குரிய ரிசீவரோடு மட்டும் பேசுவதால் அந்தத் தொல்லை இல்லை. துப்பாக்கி வடிவில், சிறிய சக்கரத்தைத் திருப்பி ஓட்டும் வகையை வாங்குங்கள். ஃப்ளைஸ்கை போன்ற மலிவான பெயர்களே போதும்.

பணம் செலவழிக்க வேண்டிய இடம் பேரிங். கிட்டில் பெரும்பாலும் அச்சைத் தாங்கும் பிளாஸ்டிக் வளையங்களான புஷ்களே வரும்; அவை தேய்ந்து ஆட்டம் கொடுக்கும், மோட்டாரின் உழைப்பையும் தின்னும். டிடி-02க்கு வேண்டிய பேரிங்கின் வெளிவிட்டம் 11 மி.மீ., உள்விட்டம் 5 மி.மீ., தடிமன் 4 மி.மீ. இது பொம்மைக் கடைக்கே உரிய பொருள் அல்ல. தொழிற்சாலைகளுக்கு விற்கும் பேரிங் கடையில் எம்ஆர்115 என்ற எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பிறகு கரடுமுரடான தரை என்றால் ஆயில் ஷாக் அப்சார்பர். இவ்விரண்டைத் தாண்டி, கண்ணைப் பறிக்கும் நீல அலுமினியப் பாகங்கள் எதுவும் முதல் ஆண்டில் தேவையில்லை.

ஒரு சிறிய எச்சரிக்கை: ஜப்பானிய கிட்டின் திருகுகளுக்கு நம் வீட்டு ஸ்டார் ஸ்குரூடிரைவர் சரியாகப் பொருந்தாது, தலை வழுக்கிப்போகும். ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தொழில் தரம்) அளவு ஸ்குரூடிரைவர் ஒன்றை வாங்கிவிடுங்கள். வெளிநாட்டு இணையக் கடையின் விலையை நம்பியும் கணக்குப் போடாதீர்கள். 2020 பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக ஏறியது, 2021 ஜனவரியிலிருந்து தர முத்திரையும் கட்டாயமாயிற்று. பார்சலைச் சுங்கத் துறை பொம்மை என்று வகைப்படுத்தினால் உங்கள் கணக்கு தலைகீழாகிவிடும்.

கேள்வி: என் பன்னிரண்டு வயது மகன், சித்தப்பாவுடனும் அண்ணன்மார்களுடனும் சேர்ந்து ரிமோட் கார் ஓட்ட ஆசைப்படுகிறான். லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும் என்று கேள்விப்பட்டேன். வாங்கிக்கொடுக்கலாமா?
— திருச்சி வாசகி

பதில்: காரை வாங்கிக் கொடுங்கள், பேட்டரி மட்டும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகையாக இருக்கட்டும். 1.2 வோல்ட் செல்கள் ஆறு சேர்ந்த 7.2 வோல்ட் பொதி அது. 3,000 மில்லியாம்பியர் மணி கொண்ட ஒன்று, சாதாரண பிரஷ் மோட்டாருடன் கால் மணி நேரம் தாராளமாக ஓடும். அவன் வயதுக்கு அந்த நேரமே ஓய்வில்லாமல் கவனம் செலுத்த அதிகம். சற்று எடை கூடுதல், ஓடி முடியும் தறுவாயில் சோர்வு தெரியும் என்பவை தவிரப் பெரிய குறை இல்லை.

நீங்கள் கேள்விப்பட்டது பொய்யல்ல. லித்தியம் பாலிமர் பேட்டரி முறையாகக் கையாண்டால் நம்பகமானது, முறை தவறினால் ஆபத்தானது. ஒரு செல்லை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கவும் கூடாது. செல்களைச் சமன்செய்து ஏற்றும் பேலன்ஸ் சார்ஜரில்தான் போட வேண்டும். 5,000 மில்லியாம்பியர் மணி பேட்டரி என்றால் 5 ஆம்பியருக்கு மேல் வேண்டாம். ஓடி முடித்த சூட்டோடு சார்ஜில் போடக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஓட்டப்போவதில்லை என்றால் செல் ஒன்றுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்துவிட வேண்டும். உப்பியிருந்தாலும் மோதலில் நசுங்கியிருந்தாலும் அதை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. சார்ஜ் ஏறும்போது பெரியவர் ஒருவர் அதே அறையில் விழித்திருக்க வேண்டும். மெத்தை மீதோ மரப் பலகை மீதோ வைக்காமல், தீத்தடுப்புப் பைக்குள் போட்டு வெறும் தரையில் வையுங்கள். இத்தனையும் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற உறுதி வந்த பிறகு மாறிக்கொள்ளலாம்.

சித்தப்பாவின் கார் டிடி-02 என்றால் அவருக்கும் ஒரு செய்தி. அந்தக் கிட்டோடு நெடுங்காலம் வந்த டிபிஎல்இ-02எஸ் என்ற ஈ.எஸ்.சி.யில், லித்தியம் பேட்டரியின் வோல்ட்டேஜ் கீழே போகும்போது தானாக நிறுத்தும் வசதி கிடையாது. கார் ஓடிக்கொண்டே இருக்கும், பேட்டரி உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே இருக்கும். பேட்டரியில் செருகும் எச்சரிக்கை பஸ்ஸர் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம், அல்லது அந்த வசதியுள்ள ஹாபிவிங் 1060 போன்ற ஒன்றுக்கு மாறலாம்.

கேள்வி: மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே பந்தயம் நடத்த முடியுமா?
— சென்னை வாசகர்

பதில்: முடியும், 28இல் ஒரு பங்கு அளவை ஒட்டிய கார்கள் அதற்கானவைதான். கியோஷோ நிறுவனத்தின் மினி-இசட் இவ்வகையில் பேர்போனது, டபிள்யூ.எல். டாய்ஸ் கே969, கே989 ஆகியவை மலிவானவை, நான்கு சக்கர விசை கொண்டவை. மினி-இசட் சாதாரண டிரிபிள் ஏ செல்கள் நான்கில் ஓடிவிடும் என்பதால் சார்ஜ் செய்யக்கூடிய செல்களை வாங்கிவைத்தால் பேட்டரிக் கவலை தீர்ந்தது.

சிக்கல் தரையில்தான். வழவழப்பான விட்ரிஃபைட் டைல்ஸில் இவை வழுக்கிக்கொண்டே இருக்கும். குழந்தைகள் விளையாட விரிக்கும், ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ஃபோம் பாய்கள் நல்ல பிடிப்பைத் தருகின்றன. உலகெங்கும் இக்கார்களுக்கான தடங்கள் அதே முறையில்தான் அமைகின்றன. குட்டை முடியுள்ள தரைவிரிப்பும் பரவாயில்லை. மற்றபடி சக்கர அச்சில் தலைமுடி சுற்றிக்கொள்வது இவற்றின் நிரந்தர நோய். ஓட்டி முடித்ததும் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் வளைவுகளில் வழுக்கிக்கொண்டே போகும் டிரிஃப்ட் கார் ஒன்று இருக்கிறது. அதையே நண்பர்களுடன் பந்தயத்தில் ஓட்டலாமா?
— மதுரை வாசகர்

பதில்: எந்த டிரிஃப்ட் கார் என்பதைப் பொறுத்தது. டிடி-02டி என்றால் அது டிடி-02 குடும்பத்தின் நான்கு சக்கர விசைக் கார்தான். வழுக்குவதற்கென்று போட்ட கடினமான பிளாஸ்டிக் டயரைக் கழற்றிவிட்டு ரப்பர் டயர் மாட்டினால் பந்தயத்துக்கு வந்துவிடும். பின்சக்கர விசையும், கார் வழுக்கும்போது ஸ்டீரிங்கைத் தானே திருத்தும் கைரோவும், முன்சக்கரங்கள் மிக அதிகமாகத் திரும்பும் அமைப்பும் கொண்ட இப்போதைய டிரிஃப்ட் கார் என்றால் விட்டுவிடுங்கள். மாற்றும் செலவில் வேறு கார் வந்துவிடும்.

கேள்வி: பெட்ரோல் மணம் வீசும் நைட்ரோ கார்தானே உண்மையான பந்தயக் கார்?
— நாகர்கோவில் வாசகர்

பதில்: அந்த மணம் மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்த எரிபொருளுடையது; பெட்ரோல் அதில் கிடையாது. அந்த எரிபொருளை ஒழுங்காகப் பெறுவதே நம் ஊரில் பெரும்பாடு, கார்புரேட்டரைச் சரிசெய்வது தனிக் கலை, சத்தமோ தெருவையே எழுப்பிவிடும். ஊருக்கு வெளியே இடமும் கற்றுக்கொடுக்க ஆளும் இருந்தால் இறங்குங்கள்.

கேள்வி: ஐந்து பேரும் ஒரே கிட்டை வாங்கி, ஒரே மோட்டார், ஒரே டயர் என்று விதி வைத்து மூன்று மாதமாக ஓட்டுகிறோம். ஆனாலும் ஒருவர் கார் மட்டும் நேர்பாதையில் மற்றவற்றைவிட முன்னால் போய்விடுகிறது. அவர் ரகசியமாக ஏதாவது செய்திருப்பாரா?
— திருப்பூர் வாசகர்

பதில்: சந்தேகப்படுவதற்கு முன் மோட்டாரைப் பாருங்கள். கிட்டில் வரும் 540 மோட்டார்கள் மலிவாகப் பெருமளவில் தயாரிக்கப்படுபவை. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டுகூட ஒரே வேகத்தில் ஓடாது. இதனால்தான் ஒரே வகைக் கார்ப் பந்தயங்கள் சிலவற்றில் அமைப்பாளர்களே மோட்டார்களை வைத்துக்கொண்டு காலையில் வழங்கி மாலையில் திரும்பப் பெறுகிறார்கள். நீங்களும் ஐந்து மோட்டார்களையும் கழற்றி எண் எழுதி, மாதத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கிப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். வேகம் மோட்டாரோடு போகிறதா, காரோடு நிற்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

காரோடு நின்றால், மற்ற நான்கு கார்களிலும் எங்கேயோ உராய்வு இருக்கிறது என்று பொருள். மோட்டாரைத் தளர்த்தி, கியரிலிருந்து விலக்கிவிட்டு, சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள். தங்கு தடையின்றிச் சுற்ற வேண்டும். பினியனும் ஸ்பர் கியரும் மிக நெருக்கமாகக் கடித்திருந்தால் மோட்டாரின் பாதி உழைப்பு அங்கேயே போகும். இரண்டுக்கும் நடுவில் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைக் கொடுத்து இறுக்கிவிட்டு, பிறகு அதை உருவிவிட்டால் சரியான இடைவெளி அமையும். வேறு நிறுவனத்தின் பினியன் மாட்டியிருந்தால் அதன் பல் அளவு தாமியாவின் 0.6 மாட்யூலா என்று பாருங்கள். 48 பிட்ச் என்ற வேறு பல் அளவுள்ள பினியன் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஸ்பர் கியரைச் சிரைத்துவிடும். ஓடி முடித்த மோட்டார் மூன்று நொடிகூட விரல் வைக்க முடியாத சூட்டில் இருந்தாலும் உராய்வையோ தவறான கியரையோ சந்தேகியுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி உடம்புச் சூட்டை அளக்கும் அமைப்பில் இருந்தால் இதற்கு உதவாது. அந்த அமைப்பில் அது மனித உடம்பின் சூட்டை அதிகம் தாண்டி அளக்காது.

பந்தயம் நடத்தும் முறையையும் சற்று மாற்றலாம். நான்கு கார்கள் ஓடட்டும், ஐந்தாமவர் வளைவில் நின்று கவிழ்ந்த காரை நிமிர்த்திவிட்டுச் சுற்றுகளையும் குறித்துக்கொள்ளட்டும்; ஐந்து நிமிட ஓட்டம் ஒவ்வொன்றுக்கும் அந்த ஆள் மாறிக்கொண்டே வரட்டும். முந்தைய ஓட்டத்தில் வென்றவர் அடுத்ததில் கடைசி வரிசையிலிருந்து கிளம்பட்டும். தடத்தின் ஓரத்துக்கு செங்கலோ பி.வி.சி. குழாயோ வைத்திருந்தால் எடுத்துவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் மெல்லிய ரப்பர் குழாயைப் போடுங்கள்; கார் ஏறி இறங்கும், உடையாது. ஓட்டம் தொடங்கும் முன் தென்னந்துடைப்பத்தால் தடம் முழுவதையும் பெருக்க வேண்டும். டயர்கள் எல்லாருக்கும் ஒரே நாளில் மாற்றப்பட வேண்டும் என்பதையும் விதியில் சேர்த்துவிடுங்கள்; தேய்ந்த டயரின் விட்டம் குறைவதால், ஒருவர் புது டயரோடும் இன்னொருவர் பழைய டயரோடும் ஓடினால் உங்கள் கியர் விகிதங்கள் ஒன்றாகவே இருக்காது.